கரடி வேஷத்தைக் கண்டு அலறும் மகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். இரண்டு மாதம் முன்பு உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குக் கரடி வேஷம் போட்ட ஒருவர் வந்தார். மற்ற பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். இவள் மட்டும் அலறினாள். பயம் போகட்டும் என்று யாரோ தூக்கி அவர் கையில் கொடுக்க, மூச்சு முட்ட அழுதுவிட்டாள். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் "கரடி வருமா?" என்று கேட்கிறாள். அடுத்த மாதம் தாத்தா, பாட்டியோடு எல்லோருமாக ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆறு வயது மகன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். தங்கையைப் "பயந்தாங்கொள்ளி" என்று சீண்டவும் செய்கிறான். "ஒரு தடவை பிடிச்சு நிறுத்திட்டா எல்லாம் தெளிஞ்சுடும்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவளை அழைத்துப் போகலாமா, வீட்டில் பாட்டியோடு விட்டுவிடலாமா? உள்ளே இருப்பது மனிதர்தான் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால் மகனின் ஆசை கெட்டுவிடுமே?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் எந்த வேஷக்காரருக்கும் எவ்வளவு கிட்டத்தில் நிற்பது என்பதை அன்று முழுக்க அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களோ கணவரோ தாத்தாவோ கேமராவோ அதை முடிவு செய்யக் கூடாது. இந்த ஒன்றில் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் கிளம்பும் முன்பே ஒத்துப்போய்விட்டால் மீதியெல்லாம் சுலபம்.

முதலில், அவள் பயந்ததில் கோளாறு எதுவும் இல்லை. இந்த வயதில் பயப்படுவதுதான் வழக்கம். அவள் உயரம் சுமார் 90 சென்டிமீட்டர் இருக்கும். வேஷத்தின் பெரிய தலையையும் சேர்த்தால் அந்தக் கரடி அவளைப் போல் இரண்டு மடங்கு. நம்மை நோக்கி மூன்று மீட்டருக்கு மேல் உயரமான ஒன்று, கண் சிமிட்டாமல், வாய் அசையாமல், ஒரே சிரிப்போடு கையை விரித்துக்கொண்டு வேகமாக வந்தால் நாம் என்ன செய்வோம்? அவளும் அதைத்தான் செய்தாள். குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே முகத்தைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறார்கள். புருவம் ஏறுகிறதா, கண் சுருங்குகிறதா, கோபமா, விளையாட்டா என்று முகம்தான் சொல்லும். முகமூடி எதுவுமே சொல்வதில்லை. அதனால் எதிரில் நிற்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை.

அதோடு இந்த வயதுக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. ரீட்டா டெவ்ரீஸ் என்ற உளவியலாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மேனார்ட் என்ற சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு பூனையின் தலைப்பக்கத்தை மறைத்து, அதற்கு நாய் முகமூடி மாட்டினார். உடம்பும் வாலும் குழந்தைகளின் கண்முன்னேதான் இருந்தன. அப்படியும் மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் பூனை இப்போது நாயாகிவிட்டது என்பதுபோலத்தான் பதில் சொன்னார்கள். ஆறு வயதுக்காரர்களில் பெரும்பாலோர் அது பூனைதான், முகமூடி போட்டிருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் சரியாக இந்த இரண்டு கரையிலும் நிற்கிறார்கள். மகனுக்கு அது வேஷம். மகளுக்கு அது கரடி.

"உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. அவளாகக் கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை. பொய் சொல்லி மறைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கரடியின் வயிற்றுக்குள் ஒரு மாமா இருக்கிறார் என்பது மூன்று வயது மூளைக்கு ஆறுதலாக இருக்காது. மாமாவைக் கரடி விழுங்கிவிட்டது என்றுகூட அவள் எடுத்துக்கொள்ளலாம். அவளே "இது நிஜக் கரடியா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "இல்லம்மா, ஒருத்தர் கரடி டிரஸ் போட்டுட்டு விளையாடறார்." அவ்வளவு போதும். ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மகன் விஷயம் வேறு. ஆறு வயதில் அவனுக்குப் பாதிக்கு மேல் தெரிந்திருக்கும். தெரிந்தும் தெரியாததுபோல் நம்புவதில்தான் அவனுக்கு இன்பம். அவன் கேட்டால் "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். அவன் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறானோ அதுவரை அவனே பேசுவான்.

இனி, கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

வீட்டில் முகமூடி விளையாட்டு ஆரம்பியுங்கள். ஒரு காகிதத் தட்டில் இரண்டு கண் ஓட்டை போட்டு, அவளையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். முதல் நாள் அது தரையில் கிடக்கட்டும். அப்புறம் உங்கள் நெற்றிமேல் தொப்பி மாதிரி ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், முகம் முழுசாகத் தெரியட்டும். அதற்கு அவள் சிரித்தால், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக முகத்துக்கு இறக்கி உடனே தூக்குங்கள். "அம்மா எங்கே? இதோ!" அவள் "இன்னொரு தடவை" என்றால் மட்டும் இன்னொரு தடவை. பிறகு முகமூடியை அவள் கையில் கொடுத்து, உங்களுக்கு மாட்டிவிடவும் கழற்றவும் சொல்லுங்கள். கழற்றும் உரிமை அவளிடம் இருப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கட்டும். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முகமூடியோடு "பே" என்று குதிப்பதை அண்ணனும் செய்யக் கூடாது, அப்பாவும் செய்யக் கூடாது. பத்து நாள் பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

அந்தப் பார்க்கில் என்னென்ன கேரக்டர்கள் உண்டு என்று பாருங்கள். பெரும்பாலான பெரிய பார்க்குகளின் செயலியிலோ வரைபடத்திலோ எந்தக் கேரக்டர் எந்த நேரம் எங்கே நிற்கும் என்று இருக்கும். பார்வையாளர்கள் எடுத்த வீடியோக்களும் நிறையக் கிடைக்கும். அவற்றை அவளுக்குக் காட்டும்போது கேரக்டரின் பக்கத்தில் மனிதர்கள் நிற்கும் காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். டிவியில் உள்ளங்கை அளவு பார்த்துப் பழகிய எலி, நேரில் அப்பாவைவிடப் பெரிதாக இருப்பதில்தான் பல குழந்தைகள் அதிர்ந்துபோகிறார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "பெரிசா இருக்கும். பேசாது. கை ஆட்டும். சில பேர் கட்டிப்பாங்க, சில பேர் தள்ளி நின்னு டாட்டா காட்டுவாங்க. ரெண்டுமே சரிதான்."

"கரடி வருமா?" என்று அவள் கேட்கும்போது "வராது, வராது" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. வளைவில் திரும்பியதும் எதிரில் ஒன்று வந்து நின்றால் உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும். உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுங்கள். "வரலாம். வந்தா நான் உன்னைத் தூக்கிப்பேன். உனக்கு வேணாம்னா கிட்டப் போக மாட்டோம்." இதைப் பாட்டியும் தாத்தாவும்கூட இதே சொற்களில் சொல்லட்டும். கூடவே இன்னொன்று. சாப்பிட அடம்பிடித்தால், தூங்க மறுத்தால், "கரடியைக் கூப்பிடவா?" என்று மிரட்டும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நாமே பூச்சாண்டியாக்கி வைத்துவிட்டு, பிறகு அதனோடு கைகுலுக்கச் சொன்னால் எந்தக் குழந்தையும் நம்பாது.

உங்கள் கணவர் சொல்வதையும் பார்ப்போம். மகளின் பயம் சீக்கிரம் தீர வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வழியைப் பிறந்தநாள் விழாவிலேயே யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பலனை நீங்கள் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சில குழந்தைகள் அலறுவார்கள். சில குழந்தைகள் அழாமல், கட்டைபோல் அப்படியே உறைந்து நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு "பார், பழகிட்டா" என்று தோன்றும். அவளுடைய கையைக் கவனியுங்கள். சட்டை நுனியைக் கசக்கிப் பிடித்திருக்கிறாளா? தோள் காதுவரை ஏறியிருக்கிறதா? கண் வேறு எங்கோ நிலைகுத்தி நிற்கிறதா? அப்படியானால் அவள் பழகிவிட்டதாக அர்த்தம் இல்லை. தப்பிக்க வழியில்லை என்று அடங்கிப்போயிருக்கிறாள். அழுகையைவிட நான் இந்த அமைதிக்குத்தான் அதிகம் கவலைப்படுவேன்.

பயத்தைக் குறைக்கும் வழி நூறு ஆண்டாக நமக்குத் தெரிந்ததுதான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924-ல் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். தொடங்கும்போது அவனுக்கு வயது இரண்டு வருடம் பத்து மாதம், ஏறக்குறைய உங்கள் மகள் வயது. முயலைக் கண்டால் அவனுக்குப் பயம். ரோமக் கோட்டு, பஞ்சு என்று அதைப்போல இருப்பதையெல்லாம் கண்டும் பயம். யாரும் முயலை அவன் மடியில் தூக்கிப் போடவில்லை. அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, சாப்பாடு தடைபடாத தூரத்தில் முயல் கூண்டை வைத்தார்கள். அவன் நிம்மதியாகச் சாப்பிடச் சாப்பிடக் கூண்டை நகர்த்தினார்கள். முயலோடு பயமில்லாமல் விளையாடும் வேறு குழந்தைகளையும் அவன் பார்க்கும்படி செய்தார்கள். நடுவில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, ஒரு பெரிய நாய் பாய்ந்து பயமுறுத்தியது, பயம் பழையபடி திரும்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த முயல் தன் விரலைக் கொறிக்க விடும் அளவுக்குப் பீட்டர் வந்துவிட்டான். அதே காலத்தில் வேறு பல குழந்தைகளிடமும் ஜோன்ஸ் பல வழிகளைச் சோதித்தார். பிடித்த ஒன்றோடு சேர்த்துப் படிப்படியாகப் பழக்குவதும், பயமில்லாத மற்றவர்களைப் பார்க்கவிடுவதும்தான் நன்றாகப் பலித்தன. வெறுமனே பேசிப் புரியவைப்பதும் கேலி செய்வதும் பலிக்கவில்லை. இந்தக் கடைசி விவரத்தை உங்கள் மகனுக்கும் அவன் புரிந்துகொள்ளும் விதத்தில் சொல்லுங்கள். "நீ கேலி பண்ணினா அவ பயம் கூடும், நீ போய்க் கை குடுத்துட்டு வந்தா குறையும்" என்றால் ஆறு வயதுக்குப் புரியும்.

கணவருக்கும் இதில் நல்ல வேலை இருக்கிறது. அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்த வேண்டாம். அவர் தனியாகப் போய்க் கேரக்டரோடு கைகுலுக்கட்டும், சிரிக்கட்டும், திரும்பி இவளைப் பார்த்துக் கை ஆட்டட்டும். இவள் உங்கள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு தூரத்திலிருந்து பார்க்கட்டும். பெற்றோரின் முகத்துக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதற்கு 1985-ல் வந்த ஒரு ஆய்வு சான்று. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேடையில் விட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே சிறு பள்ளம் இருப்பதுபோல் தெரியும். மறுமுனையில் அம்மா. அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. எனவே கேரக்டர் வரும்போது "ஐயோ, இப்ப அழப்போறாளே" என்று நீங்கள் பதறினால், அந்தப் பதற்றத்தைக் கரடியைப் பற்றிய எச்சரிக்கையாகவே அவள் எடுத்துக்கொள்வாள். மிகையான உற்சாகமும் வேண்டாம். சாதாரணமாகப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கை ஆட்டுங்கள்.

அன்றைய நாளில் எதை முதலில் வைப்பது என்பது முக்கியம். மேடை நிகழ்ச்சியும் ஊர்வலமும் ஆரம்பத்துக்கு ஏற்றவை. கேரக்டர்கள் தூரத்தில் இருப்பார்கள், தங்கள் வழியில் போய்க்கொண்டே இருப்பார்கள், யாரும் இவளை நோக்கி வர மாட்டார்கள். ஆனால் ஊர்வலத்தில் முன்வரிசை வேண்டாம். சத்தம் அதிகம், சிலர் கயிறு ஓரம் வந்து கை நீட்டுவார்கள். நாலைந்து வரிசை தள்ளி அப்பாவின் தோளில் இருந்தால் நல்ல காட்சி, நல்ல தூரம். அடுத்து முகம் தெரியும் கேரக்டர்கள், அதாவது இளவரசி மாதிரி வேஷங்கள். அவர்கள் பேசுவார்கள், முகம் அசையும், குனிந்து பெயர் கேட்பார்கள். முழு முகமூடி போட்டவர்கள் பெரும்பாலும் பேச மாட்டார்கள், சைகைதான். அதனால் அவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்னி மாதிரிப் பார்க்குகளில் இரண்டு வகையும் உண்டு.

கேரக்டர்கள் மேஜைக்கே வந்து பார்க்கும் விருந்து சில பார்க்குகளில் உண்டு. தாத்தா பாட்டிக்கு அது பிடிக்கும் என்று முன்பதிவு செய்யத் தோன்றும். இந்தத் தடவை வேண்டாம் என்பேன். நாற்காலியில் பெல்ட் போட்டு உட்காரவைத்த குழந்தைக்குத் தள்ளிப் போக வழி கிடையாது, முதுகுப் பக்கமிருந்து வேறு வருவார்கள்.

பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். காலையில் வந்து ஒன்றிரண்டு எளிய சவாரி ஏறி, இடம் கொஞ்சம் பழகிய பிறகு என்றால் நல்லது. கேரக்டரைச் சந்திக்க நீண்ட வரிசை இருந்தால் மகனோடு கணவர் நிற்கட்டும். நீங்கள் மகளோடு வெளியே, அந்த இடம் கண்ணில் படும்படி இருங்கள். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டால், "இவ்வளவு நேரம் நின்னோமே, ஒரு போட்டோவாவது" என்று எவ்வளவு நல்ல பெற்றோருக்கும் தோன்றும். அந்த நெருக்கடியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். அதோடு மகனுக்கும் அவனுடைய முறை அவனுடையதாகவே கிடைக்கும். தங்கை அழுதாள் என்பதற்காக அவன் ஓடிவர வேண்டியிருக்காது. தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துப் போகும் பொறுப்பை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.

அவளே "நானும் பாக்கறேன்" என்று சொன்னால், கேரக்டரோடு பெரும்பாலும் ஒரு உதவியாளர் நிற்பார், அவரிடம் போய் "குழந்தை பயப்படும், தூரத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்று சொல்லுங்கள். பயிற்சி பெற்ற வேஷக்காரர்களுக்கு இது தினப்படி விஷயம். மண்டியிட்டு உயரத்தைக் குறைத்துக்கொள்வார்கள், பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார்கள், தானும் வெட்கப்படுவதுபோல் முகத்தை மூடிக்கொள்வார்கள். கை நீட்டாமல் காத்திருப்பார்கள். நீங்கள் எதிர்ப்பக்கமிருந்தே போங்கள், ஏனென்றால் முகமூடிக்குள்ளிருந்து தெரிவது ஒரு சிறிய ஓட்டை அளவுதான். காலடியில் நிற்கும் குழந்தை அவர்கள் கண்ணில் படவே படாமல் போகலாம், திரும்பும்போது இடித்துவிடவும் கூடும். வாலை இழுப்பது, வயிற்றில் குத்துவது எல்லாம் உள்ளே இருப்பவருக்கு வலிக்கும் என்று மகனுக்கும் நினைவுபடுத்துங்கள்.

அவள் பத்தடியில் நின்று கை ஆட்டினால், அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போ" என்று முதுகில் கை வைக்காதீர்கள். விரல் நுனியால் கேரக்டரின் கையுறையைத் தொட்டுவிட்டு ஓடிவந்தாலும் சரி, அதோடு விடுங்கள். கட்டிப்பிடிக்கச் சொல்லவே வேண்டாம். வேஷம் அழகாக இருக்கிறது என்பதற்காக முன்பின் தெரியாத ஒருவர் அவளைத் தொட வேண்டும் என்றில்லை. தன் உடம்பு பற்றி அவள் சொல்லும் "வேணாம்" வீட்டில் எடுபடும் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டால் நல்லதுதானே.

திடீரென்று எதிர்ப்பட்டு அழுதுவிட்டால், உடனே தூக்கிக்கொண்டு நகருங்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பதைவிட, "பெரிசா வந்துச்சு, பயந்துட்டே. இதோ தள்ளி வந்துட்டோம்" என்பது அவளுக்கு உதவும். மூச்சு சீரானதும், தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவள் சம்மதித்தால் அந்தக் கேரக்டர் மற்ற பிள்ளைகளோடு என்ன செய்கிறது என்று இருவருமாகப் பாருங்கள். ஓடி ஒளிந்ததோடு அந்த நினைவு முடியாமல், பத்திரமான இடத்திலிருந்து பார்த்ததாக முடியட்டும். வீட்டில் விட்டுப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். முழுக்கத் தவிர்த்துவிட்டால் அந்தக் கரடி எவ்வளவு பயங்கரம் என்று அவள் மனதில் இருக்கிறதோ, அதை மாற்றிக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது.

குடும்பப் படத்தைக் கேரக்டர் இல்லாத வேறு ஏதாவது ஒரு இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அழும் முகத்தைப் படமெடுத்து உறவினர் குழுவில் போட வேண்டாம். ஊருக்குத் திரும்பியதும் அவள் காதில் விழும்படி "என்ன அழுகை அழுதா தெரியுமா" என்று சிரித்துப் பேசவும் வேண்டாம். வேண்டுமானால் "அந்த வாத்துக்கு நீ டாட்டா காட்டினியே" என்று பேசுங்கள். அதையே அவள் பொம்மைகளோடு நடித்துக் காட்டுவாள். குழந்தைகள் பயத்தைச் செரிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

நாலு, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பயம் தானாகத் தணிந்துவிடும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும் குறையாமல், படத்தில் பார்த்தாலே அலறுவது, இரவில் விழித்து அழுவது, பூங்காவுக்கோ விழாவுக்கோ வரவே மறுப்பது என்று அது விரிந்துகொண்டே போனால் குழந்தை மருத்துவரிடம் பேசி, ஒரு குழந்தை உளவியலாளரைப் பாருங்கள். கூட்டம், சத்தம், பளிச்சென்ற விளக்கு, உடையின் உரசல் என எல்லாமே அவளை மிகவும் பாதிக்கிறது என்றாலும் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அமைதி அறை, எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்ற வழிகாட்டி போன்ற வசதிகளைச் சில பார்க்குகள் வைத்திருக்கின்றன. கிளம்பும் முன்பே பார்க்கின் விருந்தினர் சேவைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டால் என்னென்ன உண்டு என்று சொல்வார்கள்.